ஸ்ப்ளெண்டரை குடுத்துட்டு புல்லட் எடுத்தேன், ஆனா ஸ்ப்ளெண்டர் போகல

புது வண்டி எடுத்து நாப்பத்தி ரெண்டாவது நாள், மத்தியானம் ஆபீஸ்ல டப்பாவை தொறந்து ரெண்டு வாய் கூட வெச்சிருக்க மாட்டேன், போன்ல ஒரு மெசேஜ். ஹெல்மெட் போடாம ஓட்டுனதுக்கு ஆயிரம் ரூபா அபராதம்னு. நான் தெருமுனை கடைக்கு பால் பாக்கெட் வாங்க போனாக்கூட ஹெல்மெட் மாட்டுற ஆளு, தெருவுல பசங்க அதுக்கே சிரிப்பானுங்க. யாரோ ஏமாத்துறானுங்கன்னு நினைச்சு அழிக்கப் போனப்ப தான் வண்டி நம்பரை பாத்தேன். என் பழைய ஸ்ப்ளெண்டர். எக்ஸ்சேஞ்ச்ல குடுத்து ஒன்றரை மாசம் ஆச்சு, இப்ப எவனோ அதை ஆத்தூர் பக்கம் ஓட்டிட்டு இருக்கான், பேர் மட்டும் இன்னும் என் பேரு.

இந்த மெசேஜ் வரலைன்னா இதை நான் எழுதியே இருக்க மாட்டேன். வண்டி மாத்துறவங்க எல்லாரும் வாங்குற வண்டியை பத்தி மட்டுமே மாசக்கணக்கா வீடியோ பாக்குறோம், நானும் அப்படித்தான். எந்த கலர், எந்த சைலன்சர், எந்த கிராஷ் கார்டுன்னு பாத்தேனே தவிர, குடுக்குற வண்டியை பத்தி ஒரு மணி நேரம் கூட யோசிக்கல.

முதல்ல ஏன் மாத்துனேன்னு சொல்லிடறேன். நான் சேலத்துல வேலை, சொந்த ஊர் சேந்தமங்கலம் பக்கம். 2014ல லோன் போட்டு எடுத்த ஸ்ப்ளெண்டர், பதினோரு வருஷம், மீட்டர் 84 ஆயிரத்துல இருக்கறப்ப கேபிள் அறுந்துச்சு, அதுக்கப்புறம் எவ்ளோ ஓடுச்சுன்னு கணக்கே இல்லை. ஒரு நாள் நடுரோட்டுல நிறுத்தினதில்லை, அதை சொல்லியே ஆகணும். ஆனா 2025 ஆடி 18க்கு நானும் வீட்டம்மாவும் கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு போனோம், காரவள்ளி தாண்டினா 70 கொண்டை ஊசி வளைவு, திருவிழா கூட்டம் வேற, ஒவ்வொரு வளைவுலயும் முன்னாடி பஸ் நிக்கும், நாம நிப்போம், மறுபடி ஃபர்ஸ்ட் கியர்ல கிளட்சை பாதி புடிச்சு ஏத்தணும், முப்பதாவது வளைவு கிட்ட கிளட்ச் கருகுற வாடை வந்துருச்சு. அவ எறங்கி நடந்தா. ஆமா, ரெண்டு வளைவு நடந்தே வந்தா, பட்டுப் புடவையில. மேல வந்து மூச்சு வாங்கிட்டு ஒண்ணே ஒண்ணு தான் சொன்னா, "ஏங்க, அடுத்த வருஷம் பஸ்ல வந்துக்கலாம்".

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

என்ன வண்டின்னு ரொம்ப குழம்பல. 400, 450 சிசி எல்லாம் பாத்தேன், ஓட்டியும் பாத்தேன், நல்லா தான் இருக்கு. ஆனா ஆகஸ்ட்ல ஜிஎஸ்டி குறையப் போகுதுன்னு பேச்சு வந்துச்சு, 2025 செப்டம்பர் 22ல இருந்து 350 சிசி வரைக்கும் உள்ள பைக்குக்கு 28 பர்சன்ட்ல இருந்து 18 ஆச்சு, 350 தாண்டினா 40. அதோட இன்சூரன்ஸ். புது பைக்குக்கு அஞ்சு வருஷ தேர்ட் பார்ட்டி, அதாவது நம்ம வண்டியால அடுத்தவங்களுக்கு ஆகுற சேதத்துக்கான இன்சூரன்ஸ், சேத்து கட்டியே ஆகணும், அப்ப 150ல இருந்து 350 சிசி வரைக்கும் 7,365 ரூபா, 350க்கு மேல போனா 15,117, வரி தனி. அதனால 349 சிசி இருக்குற ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. கிளாசிக்னு நாம சொன்னாலும் எங்க ஊர்ல எல்லாருக்கும் அது புல்லட் தான், எங்க அப்பா இன்னைக்கு வரைக்கும் "புல்லட்டு வந்துருச்சா"ன்னு தான் கேப்பாரு.

ஒரு சின்ன கணக்கு தப்பு நான் பண்ணேன், நீங்களும் பண்ணலாம். 28ல இருந்து 18 ஆனா விலையில பத்து பர்சன்ட் குறையும்னு நினைச்சேன். அது வராது, ஏன்னா வரி போடறது அடிப்படை விலை மேல, அது நூறுன்னா வரியோட 128 ரூபா இருந்தது 118 ஆகுது, அப்படின்னா எட்டு பர்சன்ட் கூட முழுசா இல்லை. அதோட நம்ம தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல இருந்து லட்ச ரூபாய்க்கு மேல உள்ள பைக்குக்கு லைஃப் டாக்ஸ் 12 பர்சன்ட். எல்லாம் சேத்து ஆன்ரோடு ரெண்டே கால் லட்சத்தை ஒட்டி வந்து நின்னுச்சு.

இப்ப எக்ஸ்சேஞ்ச் கதை. ஷோரூம்ல பழைய வண்டியை பாக்குறவர் ஷோரூம் ஆளே கிடையாது, இது எனக்கு அப்ப தெரியாது. வெளியில கன்சல்டிங், அதாவது பழைய வண்டி வாங்கி விக்கிற கடை வெச்சிருக்கறவர், ஷோரூம்காரங்க போன் பண்ணா வந்து பாப்பாரு. வந்தாரு, வண்டியை ஸ்டார்ட் கூட பண்ணல, டயரை காலால ஒரு தட்டு தட்டினாரு, சைலன்சர் அடியில துரு பாத்தாரு, "பதினெட்டு சார், போனஸ் மூணு சேத்து இருபத்தி ஒண்ணு"ன்னாரு. நான் அப்பவே சரின்னு தலையாட்ட போனேன், பக்கத்துல இருந்த ஃப்ரெண்டு தான் கைய புடிச்சு வெளிய இழுத்துட்டு போனான். "மாப்ள, எக்ஸ்சேஞ்ச் இல்லாம எடுத்தா புது வண்டிக்கு என்ன குறைப்பீங்கன்னு முதல்ல கேளு"ன்னான். கேட்டோம். அதே மூவாயிரத்தை அக்சசரீஸ்ல குறைக்கிறோம்னாங்க. அப்ப அந்த போனஸ்ங்கறது எங்க வண்டிக்கு குடுக்கறதே இல்லை, எப்படியும் நமக்கு வர வேண்டிய காசை இந்தப் பக்கம் எடுத்து அந்தப் பக்கம் வெச்சு காட்டுறாங்க, உண்மையான விலை பதினெட்டு தான்.

அதனால ரெண்டு வண்டியையும் சேத்து பேசவே கூடாது. புது வண்டி விலையை தனியா முடிச்சு பேப்பர்ல எழுதி வாங்கிட்டு, அப்புறமா பழைய வண்டி பேச்சை எடுக்கணும். நாங்க அதுக்கப்புறம் வெளிய மூணு கன்சல்டிங்ல கேட்டோம், ஒருத்தர் இருபத்தி நாலு, ஒருத்தர் இருபத்தி ஆறு. எங்க ஏரியா மெக்கானிக் அண்ணன், "பால் வியாபாரி ஒருத்தர் கேட்டுட்டு இருக்காரு, முப்பது வாங்கித் தரேன், பத்து நாள் பொறு"ன்னாரு. ஸ்ப்ளெண்டருக்கு எப்பவும் ஆள் இருக்கு, அதுவும் கார்புரேட்டர் வண்டின்னா கிராமத்துப் பக்கம் தேடி வருவாங்க.

பொறுத்திருக்கணும். ஆயுத பூஜைக்கு வண்டி வீட்ல நிக்கணும்னு ஒரு ஆசை, அக்டோபர் ஒண்ணாம் தேதி, அதுக்கு அஞ்சு நாள் தான் இருந்துச்சு. ஷோரூம்காரரும் இருபத்தி மூணு வரைக்கும் ஏறி வந்தாரு. ஏழாயிரம் போச்சு, அந்த அஞ்சு நாள் அவசரத்துக்கு. சரி அது போகட்டும், மாலை போட்டு படம் எடுத்தாச்சு.

அடுத்த அடி ஆர்சியில. லோன் 2016லயே முடிஞ்சு போச்சு, ஆனா ஆர்சி புக்குல ஹெச்பி, அதாவது வண்டி மேல கடன் இருக்குங்கற குறிப்பு, அப்படியே இருக்கு. லோன் முடிஞ்சா தானா போயிடும்னு நான் நினைச்சுட்டு இருந்தேன், ஒன்பது வருஷமா! கடன் குடுத்தவங்க பாக்கி இல்லைன்னு என்ஓசி தருவாங்க, அதோட பாரம் 35 ரெண்டு காப்பி வெச்சு நாம தான் ஆர்டிஓல போட்டு நீக்கணும். என்ஓசி வீட்ல எங்கேயோ இருக்கணும், பீரோ, பரண், அம்மாவோட டிரங்க் பெட்டி எல்லாம் தேடி கிடைக்கல. மறுபடி டூப்ளிகேட் என்ஓசி வாங்க நாலு தடவை நடந்தேன். இந்த ஹெச்பியை காட்டித்தான் அந்த கன்சல்டிங்காரரும் விலையை அமுக்கினாரு, அவர் மேல தப்பு சொல்ல முடியாது. இதை படிக்கிறவங்க வண்டி விக்கிற எண்ணமே இல்லைன்னாலும் இன்னைக்கு ஆர்சியை எடுத்து ஒரு தடவை பாருங்க. பரிவாகன்னு கவர்மென்ட்டோட வண்டி சைட் இருக்கு, அதுல நம்பரை போட்டா ஹெச்பி இருக்கா, பழைய சலான் பாக்கி இருக்கான்னு தெரிஞ்சுடும். எனக்கு அப்ப சலான் எதுவும் இல்லை, பின்னாடி வந்தது தான் கொடுமை.

கையெழுத்து போட்ட அன்னைக்கு ஷோரூம்ல நிக்க இடம் இல்லை, பூஜைக்கு எடுக்கறவங்க கூட்டம். பேர் மாத்தற பாரம் 29, பாரம் 30, ரெண்டுலயும் பென்சில்ல டிக் போட்ட இடத்துல எல்லாம் கையெழுத்து போட்டேன், வாங்குறவர் பேர் எழுதுற இடம் காலியா இருந்துச்சு. ஆமா, காலி பாரம். "சார், யாருக்கு விக்கிறோமோ அவங்க பேரை நாங்க எழுதிக்குவோம், எல்லாருக்கும் இப்படித்தான்"ன்னாரு. எல்லாருக்கும் இப்படித்தான்கறது உண்மை தான். ஆனா ஏதாச்சும் ஆச்சுன்னா மாட்டுறது அவங்க இல்லை. ஆர்சியில யார் பேர் இருக்கோ அவங்க தான் ஓனர், விபத்து நடந்தா நஷ்ட ஈடுக்கும் அவங்க தான் பொறுப்புன்னு 2018ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு. வண்டியை வித்துட்டேன், சாவி என்கிட்ட இல்லைன்னு சொல்றதெல்லாம் எடுபடாது. ஆயிரம் ரூபா ஹெல்மெட் கேஸோட போச்சேன்னு இப்ப நினைக்கிறேன், எவன் மேலயாச்சும் மோதியிருந்தா?

இதுக்கு ஒரு வழி இருக்கு, எனக்கு லேட்டா தான் தெரிஞ்சுது. 2023 ஏப்ரல்ல இருந்து பழைய வண்டி வாங்கி விக்கிறவங்க ஆர்டிஓல அங்கீகாரம் வாங்கணும்னு ரூல் இருக்கு, அப்படி வாங்கினவர்கிட்ட குடுத்தா பாரம் 29சின்னு ஒண்ணு ஆன்லைன்ல போடலாம், அது போட்டதும் அந்த டீலரே வண்டிக்கு ஓனர் கணக்கு, வண்டியால வர்ற பொறுப்பு அவர் தலையில. உங்க வண்டியை எடுக்கறவர்கிட்ட அங்கீகாரம் இருக்கான்னு கேளுங்க. இல்லைன்னாரா, அப்ப கண்டிப்பா ஒரு டெலிவரி நோட் எழுதி வாங்குங்க, வண்டி நம்பர், இஞ்சின் நம்பர், கைமாறின தேதி, மணி, அவரோட ஆதார் காப்பி, கையெழுத்து. விக்கிறவங்க பதினாலு நாளுக்குள்ள ஆர்டிஓக்கு தெரிவிக்கணும்னு சட்டமே இருக்கு, அதை நாம யாரும் பண்றதில்லை. என்கிட்ட இருந்தது ஒரே ஒரு போட்டோ. கடைசியா ஸ்ப்ளெண்டர் பக்கத்துல நில்லுங்கன்னு வீட்டம்மா எடுத்தது, பின்னாடி அந்த கன்சல்டிங்காரர் சாவியோட நிக்கிறாரு. போன் போட்டோவுல தேதி நேரம் எல்லாம் இருக்குமே, அதை வெச்சு தான் அப்புறம் பேசவே முடிஞ்சுது.

இன்னொண்ணு, பழைய வண்டிக்கு ஃபுல் இன்சூரன்ஸ் வெச்சிருந்து க்ளைம் எதுவும் பண்ணாம இருந்தீங்கன்னா அந்த நோ க்ளைம் போனஸ் வண்டியோட போகாது, அது ஆளோட சொத்து. அதிகபட்சம் அம்பது பர்சன்ட் வரைக்கும் புது வண்டியோட ஓன் டேமேஜ் (நம்ம வண்டி சேதத்துக்கான) பிரீமியத்துல குறைக்கலாம், பழைய இன்சூரன்ஸ் கம்பெனியில லெட்டர் வாங்கணும், அவ்வளவு தான். நான் வெறும் தேர்ட் பார்ட்டி தான் போட்டு ஓட்டிட்டு இருந்தேன், அதனால எனக்கு நாமம்.

சரி, புது வண்டிக்கு வருவோம். ஆர்சி கூட எப்படியோ மாறிடும்னு வைங்க, இந்த கால் மாறவே மாட்டேங்குது. ஸ்ப்ளெண்டர்ல முன்னாடி மிதிச்சா கியர் ஏறும், பின்னாடி குதிகால்ல மிதிச்சா இறங்கும். கிளாசிக்ல அப்படியே தலைகீழ், ஃபர்ஸ்ட் மட்டும் கீழ, மிச்ச நாலும் மேல, அதனால முன்னாடி மிதிச்சா கியர் இறங்குது. எடுத்த மூணாவது நாள், அயோத்தியாப்பட்டணம் தாண்டி அறுபதுல போறேன், நாலாவது கியர், அஞ்சு போடலாம்னு பழக்க தோஷத்துல முன்னாடி ஒரு மிதி. மூணுக்கு விழுந்து வண்டி முனகிட்டு யாரோ பின்னாடி புடிச்சு இழுத்த மாதிரி நின்னுச்சு பாருங்க, அவ ஹெல்மெட் வந்து என் ஹெல்மெட்ல டங்குனு இடிச்சுது. பின்னாடி ஒட்டிட்டு ஒரு வேன் வந்திருந்தா அன்னைக்கே கதை முடிஞ்சிருக்கும். அவசரத்துல மூளை யோசிக்காது, பதினோரு வருஷம் பழகின கால் தானா முடிவெடுத்துரும். ரெண்டு வாரம் காலையில ஆறு மணிக்கு ஆளில்லாத ரோட்டுல போய் போய் பழகினேன். குதிகாலால ஏத்தறதை சுத்தமா விட்டுட்டு விரலால தூக்கி மட்டும் ஏத்துன்னு மெக்கானிக் அண்ணன் சொன்னாரு, அது உதவுச்சு, இடது ஷூ மேல மட்டும் தேஞ்சு போச்சு.

பவர் பத்தி கேப்பீங்க. ஸ்ப்ளெண்டர் எட்டு குதிரைக்கு கிட்ட, இது இருபது. ரெண்டரை மடங்கு வேகமா பறக்கும்னு நினைச்சா ஏமாந்துருவீங்க, ஏன்னா அது நூத்தி பத்து கிலோ சொச்சம், இது 195 கிலோ. தனியா ஆபீஸ் போறப்ப எனக்கு பெரிய வித்தியாசமே தெரியல, ஃபைவ் ரோட்ஸ் சிக்னல்ல ஸ்ப்ளெண்டர்காரன் தான் சந்துல பூந்து முதல்ல போறான். வித்தியாசம் தெரியறது ரெண்டு பேர், ஒரு பை, ஒரு ஏத்தம்னு வர்றப்ப தான். நம்ம ரெண்டு பேர் எடையும் சின்ன வண்டிக்கு அதோட எடையை விட ஜாஸ்தி, இதுக்கு அப்படி இல்லை. இழுவைக்கு டார்க்னு சொல்வாங்க, எட்டு நியூட்டன் மீட்டர் எங்க, 27 எங்க, அதுவும் 4000 ஆர்பிஎம்லயே. அதனால நீங்க தனியாவே டவுனுக்குள்ள மட்டும் ஓட்டுற ஆளுன்னா, உண்மையா சொல்றேன், மாத்தாதீங்க.

நாமக்கல் ஹைவேல இன்னொரு விஷயம் கத்துக்கிட்டேன். ஸ்ப்ளெண்டர்ல ஒரு லாரியை முந்தணும்னா தூரத்துல இருந்தே ஆரம்பிச்சு வேகம் ஏத்திட்டு வரணும், அந்த பழக்கத்துல இதுல ஆரம்பிச்சா லாரியோட பின்பக்கம் சட்டுனு மூஞ்சி முன்னாடி வந்துடுது. நல்லவேளை முன்னாடியும் பின்னாடியும் டிஸ்க், ஏபிஎஸ் இருக்கு, நான் இவ்ளோ நாள் ஓட்டுனது ரெண்டு பக்கமும் டிரம்மு. நம்மூர்ல கியர் வண்டி லைசென்ஸ் ஒண்ணு இருந்தா நூறு சிசியும் ஓட்டலாம், அறநூத்தம்பதும் ஓட்டலாம், யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க, அதனால நாமளா தான் அடங்கி பழகணும்.

செலவு. மாசம் 780 கிலோமீட்டர் ஓட்டுறேன், ஸ்ப்ளெண்டர் அறுபது குடுத்துச்சு, பதிமூணு லிட்டர். இது எனக்கு முப்பத்தி நாலு குடுக்குது, இருபத்தி மூணு லிட்டர். பெட்ரோலுக்கு மட்டும் மாசம் ஆயிரம் கூட. சர்வீஸ்ல ஆயில் அதுல ஒரு லிட்டருக்குள்ள முடிஞ்சிரும், இதுல அதுக்கு ரெண்டு மடங்கு கிட்ட. இஎம்ஐ மட்டும் கணக்கு போட்டு எடுக்காதீங்க, அதோட ஒரு ஆயிரத்தி ஐநூறு சேத்து ஆறு மாசம் முன்னாடியே தனியா எடுத்து வெச்சு பாருங்க, வலிக்கலைன்னா எடுங்க.

ஸ்போக் வீல் அழகா இருக்குன்னு எடுத்தேன், அதுல டியூப் டயர். முதல் பஞ்சர்லயே புத்தி வந்துச்சு, இவ்ளோ கனமான வண்டியை ஒரு கிலோமீட்டர் தள்ளி பாத்தீங்கன்னா அழகு எல்லாம் மறந்துரும், அலாய் எடுத்திருந்தா டியூப்லெஸ், காத்து புடிச்சுட்டே வீடு வந்திருக்கலாம். அப்புறம் கிக்கர் கிடையாது. ஒரு ராத்திரி சாவியை ஆன்லயே விட்டுட்டு தூங்கிட்டேன், காலையில பேட்டரி படுத்துருச்சு, பழக்கத்துல வலது காலால கிக்கரை தேடுறேன், இல்லை. எங்க வாசல்ல சரிவு வேற, தெனமும் பின்னாடி தள்ளி எடுக்க முடியல, இப்ப முதல் நாளே திருப்பி மூஞ்சியை ரோட்டுப் பக்கம் வெச்சு தான் நிறுத்தறேன். அம்மாவுக்கு பின் சீட்டு ஏற வரல, ஒரு தடவை திண்ணையில நின்னு ஏறினாங்க, அதோட சரி, "எனக்கு ஆட்டோவே போதும்டா"ன்னுட்டாங்க. டெஸ்ட் டிரைவ் போறப்ப வீட்ல பின்னாடி உக்காரப் போற எல்லாரையும் கூட்டிட்டு போங்கன்னு இதுக்கு தான் சொல்றேன்.

டிசம்பர்ல மறுபடி கொல்லிமலை போனோம். ஏறுனதை சொல்லவே வேண்டாம், செகண்ட் கியர், வளைவுல மட்டும் ஃபர்ஸ்ட், அவ ஆகாய கங்கையில குளிக்க எடுத்துட்டு வந்த துணிப்பை, பழம் வாங்க ஒரு சாக்குன்னு எல்லாத்தையும் வெச்சும் மூச்சு விடாம ஏறுச்சு. இறங்கறப்ப தான் எடை என்னன்னு தெரிஞ்சுது, வண்டியே நம்மளை கீழ தள்ளுது, பிரேக்கை மட்டும் நம்பாம ரெண்டாவது கியர்ல போட்டு இஞ்சினால புடிச்சு புடிச்சு வரணும். எப்படி ஏத்துனீங்களோ அதே கியர்ல இறக்குங்கன்னு மலைப்பக்கம் ஓட்டறவங்க சொல்றது சும்மா இல்லை.

அந்த சலானுக்கு வரேன். போட்டோவை காட்டி அந்த கன்சல்டிங்காரர்கிட்ட நாலு நாள் உக்காந்தேன், முதல்ல "பேர் மாத்த போட்டிருக்கு சார்"ன்னாரு, அப்புறம் "வாங்குனவர் வரணும் சார்"ன்னாரு, கடைசியில நான் ஆர்டிஓல எழுதிக் குடுக்க போறேன்னதும் தான் வேலை நடந்துச்சு. அபராதத்தையும் கட்டிட்டாரு. மூணு வாரம் கழிச்சு பேர் மாறினதா மெசேஜ் வந்துச்சு.

அப்பாடான்னு பீரோல ஆர்சி ஃபைலை எடுத்து வைக்கறப்ப உள்ள இருந்து ஸ்பேர் சாவி விழுது. போன் பண்ணி சொன்னேன், அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்குனவரே வந்துட்டாரு, இருபத்தஞ்சு வயசு பையன், ரெண்டு பக்கமும் பால் கேன் மாட்ட கம்பி அடிச்சு வெச்சிருந்தான். ஹெல்மெட் போட்டிருந்தான், அதையும் பாத்தேன். சாவியை வாங்கிட்டு, "அண்ணே, காலையில மட்டும் ஸ்டார்ட் ஆக மக்கர் பண்ணுது, என்னன்னு தெரியல"ன்னான். சோக்கை முழுசா இழுக்காத தம்பி, பாதி இழுத்து, ஆக்சிலேட்டரை தொடாம ரெண்டு உதை விடுன்னேன். வாசல்லயே நிறுத்தி உதைச்சான், ரெண்டாவது உதையில புடிச்சுக்கிச்சு.